பந்தலுக்கு மேலே வேண்டாம்

என் மகனுக்கு,

நலம் விசாரித்து நான்கு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிற பொறுமை இன்று எனக்கு இல்லை. உன் கடிதம் காலைத் தபாலில் வந்தது. "ஆத்தா, இறக்கையைச் சீக்கிரம் முடிச்சு அனுப்பி வைங்க. மாப்பிள்ளை அழைப்பன்னைக்குப் பிளேன் விடுறதா மாமாகிட்ட ஒத்துக்கிட்டேன்" என்று பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். நீ திருச்சியில் பாலிடெக்னிக் பையன்களுக்குப் பாடம் சொல்லுகிறவன். உனக்குப் பாடம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீ உன் கையால் செய்த ஒவ்வொரு சின்ன விமானமும் பறக்கும்போது பக்கத்தில் நின்றவள் நான். இந்தக் கடிதத்தை உன்னை மணக்க வருகிறவளும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

முந்தாநாள் உன் வருங்கால மாமனார் வந்திருந்தார். பந்தல்காரர், மேளக்காரர், சமையல்காரர் எல்லாரையும் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் பலகாரத்தட்டை நகர்த்துகிற மாதிரி இதை எடுத்து வைத்தார்.

"ஆச்சி, எல்லாத்துக்கும் மேல ஒன்னு இருக்கு. மாப்பிள்ளை பிள்ளையார் கோயில்ல இருந்து கெளம்புற நேரத்துல மேல பிளேன் வரணும். பந்தலுக்கு நேரா வந்து பூவைக் கொட்டணும். எங்க ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கணும்."

"அண்ணாந்து பாக்குற ஊரு ஒதுங்காதுங்க அண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். "மாப்பிள்ளை கைகாரரு. நீங்க ஏன் பயப்படுறீங்க? பறக்குமா, பறக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

"பறக்கும். அதுதான் பயமே."

"இதென்ன பேச்சு ஆச்சி! பெத்த ஆத்தாளே இப்புடிச் சொல்லலாமா? போன முகூர்த்தத்துல எங்க பங்காளி வீட்டுல யானை கொண்டாந்து நிறுத்தினாங்க. நம்ம வீட்டுல யானைக்கு மேல ஒன்னு வர வேணாமா?"

அவர் நல்ல மனிதர். ஆசைப்பட்டுக் கேட்கிறார். யானைக்குப் பாகன் உண்டு, அங்குசம் உண்டு, அதட்டினால் நிற்கும். இது நிற்காது என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது. உன்னால் முடியாது என்று சொல்லியிருந்தால் நன்றாக விளங்கியிருக்கும். அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். முடிகிற காரியம் எல்லாம் செய்யத்தக்க காரியம் ஆகிவிடாது என்பதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நாம் தொடங்கியது எங்கே என்று நினைத்துப் பார். உன்னைப் பெற்ற அப்பச்சி காலமான பிறகு, வியாபாரத்துக்கு வரமாட்டேன் என்று நீ பிடிவாதமாகப் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு லீவுக்கு வந்தவன், ஆங்கிலப் பத்திரிகையோடு வந்த பெரிய பிளான் தாளைக் கூடத்தில் விரித்தாய். செய்யவேண்டிய அதே அளவில் வரைந்த மாதிரி ஆகாய விமானம். ஒவ்வொரு குச்சியும் எங்கே வரவேண்டும், எவ்வளவு கனம், எதில் சாயவேண்டும் எல்லாம் அதில் இருந்தது. கண்டியில் என் தகப்பனார் கடை வைத்திருந்த காலத்தில் என்னைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தார் அல்லவா? அங்கே கற்ற இங்கிலீஷ் எனக்கு இந்த ஊரில் மருந்துப் புட்டிச் சீட்டைப் படிக்கத்தான் உதவியது. அன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது. நீ படத்தைப் பார்த்தாய். நான் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் படித்தேன். படம் பார்க்கிறவனுக்கும் குறிப்புப் படிக்கிறவளுக்கும் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

"சமதளமான பலகையின்மேல் வைத்துக் கட்டவும்" என்று குறிப்பில் இருந்தது. நீ ஊஞ்சலைச் சங்கிலியிலிருந்து கழற்றிக் கீழே போட்டாய். பர்மாத் தேக்கு, ஆள் நீளம், இதைவிடச் சமமான பலகை இந்த ஜில்லாவில் கிடையாது என்றாய். அதன்மேல் இறக்கையைக் கட்டினாய். நீ உன் கண்ணை நம்பினாய், நான் நூலை நம்பினேன். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூலை இழுத்துப் பிடித்தபோது நடுவில் ஒரு விரல் நுழைந்தது. உன் அப்பச்சியைப் பெற்ற ஐயா காலத்திலிருந்து எல்லாரும் நடுவிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தேக்கு தொய்ந்து போயிருந்தது. உட்காருகிற யாருக்கும் அது தெரியவில்லை, இறக்கைக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. நீ அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, முகப்பில் தொங்கிய பெல்ஜியம் கண்ணாடியை இறக்கி மல்லாத்தி அதன்மேல் கட்ட ஆரம்பித்தாய். கண்ணாடியில் ஊசி இறங்காது என்று வெண்கலப் படிகளையும் ஆழாக்குகளையும் பாரம் வைத்தாய். வருகிறவர்கள் எல்லாம் "ஆச்சி, நெலைக்கண்ணாடியை வித்துட்டீங்களா?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது மரம். பிளானில் சொன்ன பால்சா என்கிற இலேசான சீமைக் கட்டை இங்கே கிடைக்கவில்லை. வேலியில் நின்ற கல்யாண முருங்கையை வெட்டிக் காயவைத்து இழைத்தாய். மரத்தை மாற்றினாய், பிளானில் இருந்த குச்சியின் பருமனை மாற்றவில்லை. கண்மாய்க் கரையில் நின்று நீ வீசியபோது அது நேரே போய் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டது. அடுத்த தடவை குச்சிகளை மெல்லியதாகச் சீவி, நடுவில் நெட்டியை வைத்துச் செய்தாய். மூக்கு இலேசாகிவிட்டது. மணமேல்குடி வலைக்காரர்களிடம் ஈயக் குண்டு வாங்கி வந்து மூக்கில் வைத்து, பிளானில் குறித்த இடத்தில் இரண்டு விரல் நுனியில் நிறுத்திக் காட்டினாய். அப்போது உன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அந்தத் தாளை வரைந்தவன் எந்த ஊர்க்காரனோ. அவன் சொன்னதும், நம் வேலியும், மணமேல்குடிக் கடலும் உன் இரண்டு விரல்மேல் சமமாக நின்றன.

பிறகுதான் எஞ்சினும், தரையில் நின்றே விமானத்தைத் திருப்புகிற ரேடியோவும் வந்தன. தபால் தந்தி இலாகாவின் அனுமதிச் சீட்டு கைக்கு வராமல் பொத்தானைத் தொடக்கூடாது என்று நான் சொன்னதற்கு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்! வந்த பிறகு இந்த வீட்டில் எஞ்சினுக்கு ஊற்றுகிற ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. "யாருக்கு ஆச்சி வயிறு சரியில்ல?" என்று பால்காரர்கூடக் கேட்டார்.

உன் பெண்டாட்டியாக வருகிறவளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரக் கம்பி நட்ட பெட்டி தரையில் இருக்கும். அதிலிருந்து வருகிற ஒயரில் ஒரே ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் வால் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகிவிடும். அடுத்த முறை அழுத்தினால் இடப்பக்கம். அதற்கடுத்தது மறுபடியும் வலம். அவ்வளவுதான் கட்டளை. மெதுவாகப் போ என்று சொல்ல முடியாது. நில் என்று சொல்ல முடியாது. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக ஓய்ந்த பிறகே அது இறங்கும். மேலே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கடைசியாக அழுத்தியது எந்தப் பக்கம் என்பது மறந்துவிடும். மறந்தால் வலத்துக்குப் பதில் இடம் போகும். அதற்காகத்தான் நான் உன் இடக்கைப் பக்கம் நின்று, நீ ஒவ்வொரு தடவை அழுத்தியதும் "அடுத்தது எடம்", "அடுத்தது வலம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். "ஆச்சி ஏரோப்ளேனுக்கு மந்திரம் ஓதுது" என்று கரையில் உட்கார்ந்து கேலி பேசினார்கள். பேசட்டும். மந்திரத்தில் ஒரு சொல் பிசகியதில்லை.

இனி அந்தக் கடலைக்கொல்லை. அதை நாம் இரண்டு பேரும் பேசுவதே இல்லை. இப்போது பேசவேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து உன் சிநேகிதர்கள் காரில் வந்திருந்தார்கள். வறண்டு கிடந்த கண்மாய்க்குள் எப்போதும் போல நின்றோம். எப்போதும் நீ தொட்டியில் கால்வாசி எண்ணெய்தான் ஊற்றுவாய். என்ன ஆனாலும் கண்மாயைத் தாண்டாமல் ஓய்ந்துவிடவேண்டும் என்பது நாம் இருவரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. அன்றைக்குப் பார்க்க ஆள் வந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்திருக்காங்க ஆத்தா, ஏறினதும் எறங்கினா நல்லாவா இருக்கும்?" என்று தொட்டி நிறைய ஊற்றினாய். ஏறியது. இரண்டு வட்டம் அழகாகச் சுற்றியது. பிறகு நீ அழுத்துகிறாய், நான் சொல்லுகிறேன், அது கேட்கவில்லை. வாலைத் திருப்புகிற ரப்பர் நாடா வெயிலில் வெந்து அறுந்துபோயிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. நேரே கிழக்கே கரையைத் தாண்டி, பனைக்கு மேலே, சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. உன் சிநேகிதர்கள் கை தட்டினார்கள். அதுவும் வித்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

காரை எடுத்துக்கொண்டு சத்தம் போன திக்கில் போனோம். இரண்டு ஊர் தாண்டி ஒரு கொல்லையில் பெண்கள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இல்லை, பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு வேப்பமரத்தடியில் கூடி நின்றார்கள். மரத்தில் ஒரு சேலைத் தூளி தொங்கியது. தூளி தொங்கிய கிளைக்கு அடுத்த கிளையில் மூக்கைச் சொருகிக்கொண்டு நம் பிளேன் கிடந்தது. புரொப்பல்லர் வெட்டிய வேப்பிலை தூளிக்குள் கொட்டியிருந்தது. பிள்ளை அதற்குள்ளே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

தாய்க்காரி என்னைப் பார்த்தாள். கையில் பிடுங்கிய செடி அப்படியே இருந்தது.

"ஆச்சி, இது ஒங்க வீட்டு சாமானா?"

"ஆமாத்தா" என்றேன்.

"படிச்சவுங்கதானே நீங்க? கோழியைத் தொறந்து விட்டாலே கூடைய எடுத்துக்கிட்டு பொறத்தாடி ஓடுறோம். இம்புட்டுப் பெரிசைத் தொறந்து விட்டுப்புட்டு அங்கிட்டு நின்னு கை தட்டினீங்களாக்கும்?"

பின்னால் நின்ற ஒருத்தி, "கருடன் வந்து ஒம்புள்ளைய எட்டிப் பாத்துட்டுப் போச்சுன்னு நெனைச்சுக்கடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பயம் விலகினால் வருகிற சிரிப்பு அது. தாய்க்காரி சிரிக்கவில்லை. தூளியைக் கழற்றிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலானாலும் பரவாயில்லை என்று வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே மரத்தில் ஏறி, முதலில் இறக்கையைத் தொட்டுப் பார்த்து, "கிழியலை ஆத்தா" என்றாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ கல்நெஞ்சக்காரன் இல்லை; அந்தப் பிள்ளைக்குப் பிறகு சொக்காய் வாங்கிக்கொண்டு போனவன் நீ. ஆனால் கையால் செய்தவனுக்குச் செய்த பொருள்தான் முதலில் கண்ணில் படும். அது இயல்பு. அந்த இயல்பு உனக்கு உண்டு என்று தெரிந்துகொண்டு நீ நடக்கவேண்டும். பார்க்க ஆள் கூடினால் உன் கை தொட்டியை நிரப்பும். அதையும் தெரிந்துகொண்டு நடக்கவேண்டும்.

இப்போது உன் கல்யாணத்தை நினைத்துப் பார். கண்மாய் இல்லை, தெரு. இரண்டு பக்கமும் மாடி வைத்த வீடுகள். தெரு நிறைய ஜனம். பெண்கள், தோளில் பிள்ளைகள், பந்தலில் பந்தி. நாயனமும் தவிலும், போதாததற்கு அதிர்வேட்டு. எஞ்சின் ஓய்கிறதா, இருமுகிறதா என்பதைக் காதால் அறிகிறவன் நீ. உன் காதுக்கு என்ன எட்டும்? கழுத்தில் ஆளுயர மாலை. பொத்தான் மாலைக்குள் எங்கேயோ. வயிற்றுக்கடியில் பூப்பெட்டி ஒன்று கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அது பிளானில் இல்லை. ஈரப் பூவின் கனம் எவ்வளவு, கொட்டிய பிறகு மூக்கு எழும்புமா தாழுமா, உனக்குத் தெரியுமா? ஒருமுறைகூடப் பறந்து பார்க்காத ஒன்றை முதல்முறையாக முந்நூறு தலைக்கு மேலே பார்க்கப் போகிறாயா?

இன்னொன்று. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அன்றைக்கு உன் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். உன் பெரியப்பச்சியும் பெரியாத்தாளும் முன்னால் நின்று எல்லாம் செய்வார்கள். தாலி கட்டி முடிகிறவரை நான் உள்ளறையில் இருப்பேன். அதுதான் நம்மவர்கள் வழக்கம். வெள்ளைச் சேலை உடுத்தியவள் மாப்பிள்ளை அழைப்பில் வந்து நிற்பதில்லை. அதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. மற்றவர்கள் இரக்கப்பட்டு இடம் கொடுத்து நிற்பதைவிட உள்ளே இருப்பது எனக்கு மேல். ஆனால் உள்ளறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீ பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பாய். அடுத்தது வலமா இடமா என்று சொல்ல யாரும் இல்லை. நான் மேளச் சத்தத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, அலறல் கேட்கிறதா என்று உட்கார்ந்திருக்கவேண்டும். மகன் கல்யாணத்தில் ஒரு தாய்க்கு இதுவா வேலை?

பெண் பார்க்கப் போனபோது நடந்தது ஒன்று உனக்குத் தெரியாது. எல்லாரும் உன் பிளேனைப் பற்றித்தான் கேட்டார்கள். எவ்வளவு உசரம் போகும், எவ்வளவு வேகம், பட்டணத்துக்குப் போகுமா. நான் புறப்படும்போது அந்தப் பெண் குனிந்து என் செருப்பை எடுத்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அயித்தை, பொத்தானை விட்டுட்டா நின்னுருமா?" நிற்காது, நேரே போய்க்கொண்டே இருக்கும் என்றேன். "அப்ப கீழ இருக்கவுங்க?" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அன்றைக்குத்தான் எனக்கு இந்தச் சம்பந்தம் பிடித்தது. நகையும் வீடும் பார்த்து வந்த பிடித்தம் இல்லை அது. அவள் உன் பக்கத்தில் நிற்கத் தகுந்தவள். வலம், இடம் என்று வரிசை சொல்ல அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன் அவளுடைய ஊர்க்காரர்கள் தலைமேல் எதையும் விட்டுவிடாதே.

இறக்கை முடிந்துவிட்டது. நீ அனுப்பிய பட்டுத்துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டி, ஈரத்தோடு இழுத்து ஒட்டி, துணியை விறைக்க வைக்கிற டோப் மூன்று பூச்சுப் பூசியிருக்கிறேன். சுண்டினால் உறுமிமேளம் மாதிரி ஒலிக்கிறது. நுனி வளைவில் ஒரு சுருக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்டினேன். கண் முன்போல் இல்லை. விரலால் தடவித்தான் சுருக்கத்தைக் கண்டுபிடித்தேன். நாளைக் காலை பஸ்ஸில் தகுந்த ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அனுப்பாமல் இருக்க எனக்கு வழி தெரியாது என்று நினைக்காதே. இரட்டைப் பூட்டுப் போட்ட அறைகள் இந்த வீட்டில் எத்தனை! சாவி எல்லாம் என் இடுப்பில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட்டிருந்தாலும் போதும். அப்போது நீ மாமனாரிடம், "ஆத்தா இறக்கையை முடிக்கலை" என்று சொல்லிவிட்டு நல்லபிள்ளையாக மணவறையில் உட்கார்ந்துவிடுவாய். அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன். பொருள் கையில் முழுசாக இருக்கும்போது, ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேண்டாம் என்று சொல்கிற வாய் உனக்கு வேண்டும். நாளைக்குக் குடித்தனம் நடத்தப் போகிறவன் நீ. உன் சார்பில் மாட்டேன் என்று சொல்ல வேறு ஒருத்தி எப்போதும் இருக்கமாட்டாள்.

நீயே போய்ச் சொல். "மாமா, கூட்டத்துக்கு மேல நான் விடமாட்டேன். மறுவீட்டுக்கு எங்க ஊருக்கு வரும்போது கண்மாய்க்குள்ள விடுறேன். எல்லாரும் கரையில உக்காந்து பாருங்க" என்று சொல். அவர் கோபித்துக்கொள்வார். மாப்பிள்ளைக்குப் பயம் என்று பங்காளிகள் பேசுவார்கள். பேசி இரண்டு நாளில் ஓய்ந்துவிடுவார்கள். யானையை அழைத்து வந்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு மேலும் நீ விடுவதென்றே முடிவு செய்தால், அது உன் இஷ்டம். வயது வந்தவன், உன் பொருள், உன் கை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். பிள்ளையார் கோயிலில் எஞ்சின் பற்றிக்கொள்கிற சத்தம் கேட்டதும் நான் உள்ளறையில் இருக்கமாட்டேன். இந்த வெள்ளைச் சேலையோடு, மேளத்துக்கு நடுவில், எல்லாரும் பார்க்கத் தெருவில் நடந்து வருவேன். அபசகுனம் என்று யார் முகம் சுளித்தாலும், உன் பெரியாத்தா கையைப் பிடித்து இழுத்தாலும் நிற்கமாட்டேன். உன் இடக்கைப் பக்கம் வந்து நின்று, அந்தப் பொருள் தரையைத் தொடுகிறவரை, நாயனத்துக்கு மேலே கேட்கும்படி, சத்தமாக வரிசை சொல்வேன். அதனால் மாலையைச் சற்று ஒதுக்கிவிட்டு, எனக்கு அங்கே இடம் வைத்து நில்.

உன் பதில் வரும்வரை தபால்காரர் வருகிற நேரத்தில் வாசற்படியை விட்டு நகராத

உன் ஆத்தா